சுழலும் தட்டில் துணிந்த ஜாஸ்



இசைத்தட்டுகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், பழைய கிராமபோன் காலத்துக் கதைகள் வரும் என்று உங்களில் சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பது வேறு. 1959-ஐ ஒட்டி அமெரிக்காவில் கிளம்பி, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஐரோப்பா வரை பரவிய துணிச்சலான ஜாஸ், அது எல்.பி. தட்டுகளில் வந்து சேர்ந்த விதம், அந்தத் தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர் அவற்றை எப்படிக் கேட்க வேண்டும் என்பது. கடைசியாகச் சொன்னதில்தான் என் அக்கறை முழுவதும் இருக்கிறது. இந்த இசை முதல் கேட்பில் பிடிபடாது. பலருக்கு முதல் கேட்பில் எரிச்சல்தான் வரும். ஆனால் அது கையில் ஒரு தட்டாக இருந்தால், நாளைக்கும் போட்டுக் கேட்கலாம், அடுத்த வாரமும் கேட்கலாம். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கிறவரைத்தான் நான் சேகரிப்பாளர் என்று சொல்வேன்.

ஜாஸ் பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக ஒன்று. 1950-கள் வரை ஜாஸ் கலைஞர்கள் பெரும்பாலும் ஒரு மெட்டை எடுத்துக்கொள்வார்கள். மெட்டுக்கு அடியில் கார்டுகளின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகளின், வரிசை ஒன்று ஓடும். பல பாட்டுகளில் அது முப்பத்திரண்டு பார் (தாளச் சுற்று), ப்ளூஸ் என்றால் பன்னிரண்டு. மெட்டை வாசித்துக் காட்டிவிட்டு, அந்தக் கார்டு வரிசையைச் சுற்றிச் சுற்றி வரவிட்டு, அதன்மேல் ஒவ்வொருவராகத் தங்கள் மனோதர்மத்தைக் காட்டுவார்கள். டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த்தில் 1930-இல் பிறந்த ஆர்னெட் கோல்மன் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டார். மெட்டு இருந்தது, தாளம் இருந்தது. மெட்டு முடிந்தபின் கார்டு வரிசையை எண்ணிக்கொண்டு யாரும் வாசிக்கவில்லை. ஒருவர் போகிற போக்கைக் காதால் பிடித்து மற்றவர் கூடவே போனார்கள். குழுவில் பியானோவே கிடையாது.

1959 நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் அவருடைய நால்வர் குழு வாசிக்கத் தொடங்கியது. இரண்டு வாரத்துக்கு என்று பேசிய கச்சேரி வாரக்கணக்கில் நீண்டது. ஆர்னெட்டின் கையில் வெள்ளை பிளாஸ்டிக் சாக்ஸஃபோன். இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் வந்து கேட்டு வியந்தார். இது இசையே இல்லை என்று சொன்ன மூத்த ஜாஸ் கலைஞர்களும் இருந்தார்கள். நியூயார்க்கில் இருந்தவர்கள் நேரில் போய்க் கேட்டுவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது, அட்லாண்டிக் கம்பெனி அதே ஆண்டில் வெளியிட்ட ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ என்ற தட்டு மட்டும். அதன் முதல் பாட்டு ‘லோன்லி உமன்’. டிரம்ஸும் பாஸும் வேகமாக ஓடிக்கொண்டிருக்க, மேலே சாக்ஸஃபோனும் கார்னெட்டும் அந்த வேகத்தைக் கண்டுகொள்ளாமல் நிதானமாக ஒரு ஒப்பாரி போல இழுத்துப் பாடும். இன்றைக்குக் கேட்டால் இதில் என்ன புரட்சி என்று தோன்றும். அவ்வளவு இனிமை.

அடுத்து நான் சொல்லப்போகும் தட்டு அப்படியல்ல. 1960 டிசம்பர் 21 அன்று நியூயார்க்கில் ஆர்னெட் எட்டுப் பேரை ஒன்றாக நிறுத்தினார். இரண்டு நால்வர் குழுக்கள், இரண்டும் ஒரே நேரத்தில். இடது ஸ்பீக்கரில் ஆர்னெட் கோல்மன், டான் செரி, பாஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பில்லி ஹிக்கின்ஸ். வலது ஸ்பீக்கரில் பாஸ் கிளாரினெட்டுடன் எரிக் டால்ஃபி, ட்ரம்பெட்டில் ஃப்ரெடி ஹப்பர்ட், பாஸில் சார்லி ஹேடன், டிரம்ஸில் எட் பிளாக்வெல். மொத்தம் 37 நிமிடம். தட்டின் பெயர் ‘ஃப்ரீ ஜாஸ்’. பிறகு இந்த வகை இசை முழுவதற்கும் அதுவே பெயராகிவிட்டது.

இதைக் கேட்கும் முறையை நான் பிடிவாதமாகச் சொல்லிக்கொடுப்பது உண்டு. ஸ்டீரியோ எல்.பி. கடைக்கு வந்து அப்போது இரண்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. ஓடும் ரயில், டேபிள் டென்னிஸ் பந்து என்று ஸ்டீரியோவை வேடிக்கை காட்டப் பயன்படுத்திய காலம் அது. இந்தத் தட்டிலோ இசையின் அமைப்பே ஸ்டீரியோவில் இருக்கிறது. ஆகவே இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காருங்கள். முதல் தடவை ஆம்ப்ளிஃபயரில் பேலன்ஸ் திருகை முழுக்க இடப்பக்கம் திருப்பி, அந்த நால்வரை மட்டும் கேளுங்கள். மறுநாள் வலப்பக்கம். மூன்றாம் தடவை நடுவில் வைத்துக் கேட்டால், குழப்பம் என்று தோன்றிய இடங்களில் யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று காது தானே பிரித்துக்கொள்ளும். ஹிக்கின்ஸ் விரைந்து தட்டுகிற இடத்தில் பிளாக்வெல் பாதி வேகத்தில் கனமாக அடிப்பது அப்போதுதான் தெரியவரும்.

(இங்கே ‘ஃப்ரீ ஜாஸ்’ முதல் பக்கத்தின் தொடக்கம், முதலில் இடது ஸ்பீக்கரிலும் பிறகு இரண்டிலுமாக, அவையில் இசைக்கப்பட்டது.)

37 நிமிடம் எல்.பி.யின் ஒரு பக்கத்தில் அடங்காது. அதனால் நடுவில் வெட்டி இரண்டு பக்கமாகப் போட்டார்கள். சி.டி. வந்தபோது அந்த வெட்டு ஒட்டப்பட்டு, இசை அன்று வாசித்தபடியே முழுதாகக் கிடைத்தது. அது நல்ல காரியம். இருந்தாலும் எனக்கு அந்த இடைவெளி பிடிக்கும். எட்டுப் பேரின் வேகத்துக்கு நடுவே ஒரு நிமிடம் எழுந்து நின்று மூச்சு விட்டு, மறுபக்கம் போட வேண்டுமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளும் வாய்ப்பு அது. அட்டையிலும் ஒரு ஜன்னல் வெட்டியிருப்பார்கள். அதன் வழியாக ஜாக்சன் பொல்லாக்கின் ‘ஒயிட் லைட்’ ஓவியத்தின் ஒரு பகுதி தெரியும். மடிப்பைத் திறந்தால் முழு ஓவியம். பார்வைக்கு ஒரு பயிற்சி கொடுத்துவிட்டுக் காதை உள்ளே அனுப்புகிறார்கள். ‘டவுன்பீட்’ பத்திரிகை இந்தத் தட்டுக்கு இரண்டு மதிப்புரை வெளியிட்டது. ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார், மற்றவர் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் நேர்மையாகத்தான் எழுதினார்கள் என்று நினைக்கிறேன்.

தட்டின் உடல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பன்னிரண்டு அங்குலத் தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் தடவைக்குச் சற்றுக் கூடுதலாகச் சுற்றுகிறது. சுற்று மாறாது. ஆனால் ஊசியின் கீழே ஓடும் பள்ளத்தின் வேகம் மாறும். வெளி ஓரத்தில் விநாடிக்கு ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது இருபது சென்டிமீட்டரை ஒட்டி வந்துவிடும். ஒரே ஒலியை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத்தின் பள்ளத்தைப் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் வரும். இதனால் என்ன என்றால், ஜாஸில் பரபரப்பு பெரும்பாலும் முடிவை நோக்கித்தான் ஏறும். பள்ளம் இடம் தர மறுக்கும் இடமும் அதுதான். உச்சத்தில் ட்ரம்பெட் கரகரக்காமல் அதைத் தட்டில் வெட்டித் தருவது தனிக் கலை. சாக்ஸஃபோன்காரரை நினைவில் வைத்திருப்பதுபோல அந்தக் கலைஞரையும் வைத்திருக்க வேண்டும்.

ரூடி வான் கெல்டர் அப்படிப்பட்டவர். தொழிலால் கண் பரிசோதகர். நியூ ஜெர்சியில் பெற்றோர் வீட்டுக் கூடத்திலேயே ஒலிப்பதிவைத் தொடங்கி, 1959-இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனிக் கூடம் கட்டிக்கொண்டார். ஒலிப்பதிவும் அவரே, தட்டுக்கான மூலத்தை வெட்டுவதும் அவரே. பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் வழுவழுவென்று ஒரு வளையம் இருக்குமல்லவா, அங்கே அவர் பெயர் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். ப்ளூ நோட் கம்பெனியின் பழைய தட்டுகளில் அதே வளையத்தில் காது போன்ற ஒரு கீறலும் தெரியும். உண்மையில் அது தட்டை அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலையின் ‘பி’ எழுத்து. 1966 வரை வந்த தட்டுகளில்தான் அது உண்டு என்பதால், சேகரிப்பவர்கள் விளக்கைச் சாய்த்துப் பிடித்து அந்தக் காதைத் தேடுவார்கள். தேடட்டும், தவறில்லை. தேடிக் கண்டுபிடித்ததும் தட்டை உறையில் போட்டுப் பூட்டிவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பெர்லினில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய ஆல்ஃப்ரெட் லயன் 1939-இல் தொடங்கிய கம்பெனி ப்ளூ நோட். அவருடைய பெர்லின் நண்பர் ஃபிரான்சிஸ் உல்ஃப் விரைவில் சேர்ந்துகொண்டார். அவர்கள் வெளியிட்டவற்றில் ஒரே ஒரு தட்டு போதும் என்றால் நான் எடுப்பது எரிக் டால்ஃபியின் ‘அவுட் டு லஞ்ச்’. 1964 பிப்ரவரி 25 அன்று வான் கெல்டர் கூடத்தில் பதிவானது. பியானோவின் இடத்தில் பாபி ஹட்சர்சனின் வைப்ரஃபோன். பியானோ ஒலித்தால் இடைவெளியெல்லாம் நிரம்பிவிடும். ஹட்சர்சன் ஒரு தட்டு தட்டிவிட்டு அதிர்வைத் தொங்கவிட்டு விலகிக்கொள்கிறார். பாஸில் ரிச்சர்ட் டேவிஸ், ட்ரம்பெட்டில் ஃப்ரெடி ஹப்பர்ட், டிரம்ஸில் பதினெட்டே வயதான டோனி வில்லியம்ஸ். முதல் பாட்டு ‘ஹேட் அண்ட் பியர்டு’, பியானோ மேதை தெலோனியஸ் மங்க்கை மனத்தில் வைத்துச் செய்தது. அதில் டால்ஃபியின் பாஸ் கிளாரினெட் அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்து, ஒரே தாவலில் உச்சத்துக்குப் போய் மனிதர் பேசுவதுபோலப் பேசும். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘கசெல்லோனி’யில் புல்லாங்குழல். தட்டைத் திருப்பினால் ஆல்டோ சாக்ஸஃபோன். மூன்று வாத்தியத்திலும் அவர் குரல் ஒன்றுதான்.

இரண்டாம் பக்கத்தில் தலைப்புப் பாட்டைக் கேட்கும்போது டோனி வில்லியம்ஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அணிவகுப்பு நடைபோல ஒன்றைத் தொடங்குவார், நடையைக் கலைப்பார், சில நேரம் வாசிக்கவே மாட்டார். அவர் நிறுத்திய இடத்தில் மற்ற நால்வரும் எப்படித் தாளத்தை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு போகிறார்கள் என்று கவனித்தால், இந்த இசைக்குச் சட்டதிட்டமே கிடையாது என்ற பேச்சு எவ்வளவு பொய் என்று புரியும். அட்டையில் ரீட் மைல்ஸ் வைத்தது ஒரு கடைக் கதவுப் பலகை, திரும்பி வருகிறேன் என்கிற அறிவிப்பு. அதிலுள்ள கடிகாரத்தில் பல முட்கள் பல மணி காட்டும். டால்ஃபி அந்தத் தட்டைப் பார்க்கவில்லை. அதே ஆண்டு ஜூன் 29 அன்று பெர்லினில் இறந்துபோனார், வயது 36. சர்க்கரை நோய் இருந்தது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தட்டு அதன் பிறகு வெளிவந்தது. இதைச் சொல்லாமல் அந்த அட்டையைக் காட்ட எனக்கு மனம் வருவதில்லை.

ஃப்ரெடி ஹப்பர்ட் பெயர் இரண்டு முறை வந்துவிட்டது. மூன்றாம் முறையும் வரும். 1965 ஜூன் 28 அன்று சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் தம்மையும் சேர்த்துப் பதினொரு பேராகக் கூடி ‘அசென்ஷன்’ பதிவுசெய்தபோது அங்கேயும் ட்ரம்பெட்டுடன் ஹப்பர்ட் நின்றார். இத்தனைக்கும் அவர் சம்பிரதாய ஜாஸில் ஊறியவர், ஆர்ட் பிளேக்கியின் குழுவில் பெயர் எடுத்தவர். புதுமைக்காரர்கள் ஒரு தீவாக ஒதுங்கி வாழ்ந்தார்கள் என்று எழுதுகிற வரலாறுகளை இந்த ஒரு ஆளே திருத்திவிடுகிறார்.

‘அசென்ஷன்’ சேகரிப்பாளருக்கு ஒரு அருமையான பாடம். அன்று அந்தக் குழு முழு இசையையும் இரண்டு முறை வாசித்தது. 1966-இல் இம்பல்ஸ் கம்பெனி அதில் ஒன்றைத் தட்டாக வெளியிட்டது. கோல்ட்ரேன் தான் விரும்பியது மற்றொன்று என்றார். கம்பெனி மாற்றிக்கொடுத்தது, ஆனால் அட்டையையோ லேபிளையோ எண்ணையோ மாற்றவில்லை. லேபிளை ஒட்டிய வளையத்தில் ‘எடிஷன் II’ என்று கீறிவிட்டதோடு சரி. ஆக, ஒரே அட்டைக்குள் இரண்டு வேறு இசைகள். அட்டையைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. வளையத்தைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்க வேண்டும். முதல் பதிப்பில் எல்வின் ஜோன்ஸின் தனி டிரம்ஸ் வாசிப்பு உண்டு, இரண்டாவதில் கிடையாது. தனிவாசிப்பு வரும் வரிசையும் கொஞ்சம் மாறும். இதைக் காதால் கண்டுபிடிக்க முடிகிறவருக்கு அந்தக் கீறல் தேவைப்படாது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், வாய்க்கு வந்தபடி ஊதினார்கள் என்ற குற்றச்சாட்டும் நிற்காது. பதினொரு பேரும் சேர்ந்து எழும் இடங்களும் ஒருவர் தனித்து வெளிவரும் இடங்களும் இரண்டு முறையும் மாறி மாறித் திட்டப்படியே வருகின்றன. எனக்கு இரண்டாவது பதிப்புதான் பிடிக்கும். கோல்ட்ரேன் சொன்னது சரி.

பெரிய கம்பெனிகள் தொடாத இசையைக் கலைஞர்களே தட்டாக்கிக்கொண்ட கதை தனிச் சொற்பொழிவுக்கு உரியது. சன் ராவும் அவருடைய நண்பர் ஆல்டன் ஏப்ரஹாமும் சிகாகோவில் 1950-களிலேயே சாட்டர்ன் என்ற பெயரில் தொடங்கிவிட்டார்கள். கொஞ்சமாக அச்சிடுவது, அட்டையில் கையாலேயே படம் வரைவது, கச்சேரி நடக்கும் இடத்தில் விற்பது. வழக்கறிஞர் பெர்னார்ட் ஸ்டால்மன் எஸ்பெரான்டோ மொழிக்காகத் தொடங்கிய இ.எஸ்.பி. கம்பெனியில்தான் ஆல்பர்ட் ஐலரின் ‘ஸ்பிரிச்சுவல் யூனிட்டி’ வந்தது. மூன்றே பேர், அரை மணிக்கும் குறைவு. ஐலரின் சாக்ஸஃபோனில் ஆலயப் பாட்டும் அழுகையும் ஒரே மூச்சில் வரும். ஜெர்மனியில் பீட்டர் ப்ரோட்ஸ்மன் 1968 மே மாதம் ப்ரெமன் நகரத்து ஒரு கிளப்பில் தம்மையும் சேர்த்து எட்டுப் பேராக ‘மெஷின் கன்’ பதிவுசெய்து, தாமே 300 பிரதிகள் வெளியிட்டார். ஓவியம் படித்தவர் என்பதால் அட்டையும் அவர் கைவேலையே. லண்டனில் டெரிக் பெய்லி, இவான் பார்க்கர், டோனி ஆக்ஸ்லி ஆகியோர் 1970-இல் இன்கஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள்.

300 பிரதிகள் என்றால் இன்று அவற்றின் விலை என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த விலையைப் பற்றிய பேச்சு இந்த இசைக்குப் பெரிய கெடுதல் செய்கிறது. சாட்டர்ன் தட்டை அன்று கச்சேரி நடக்கும் இடத்திலேயே வாங்கினார்கள். இன்று அது ஏலத்தில் பெட்டியிலிருந்து பெட்டிக்கு மாறுகிறது, ஊசி படாமல். மறுபதிப்பு வாங்குவதில் எந்தக் குறைச்சலும் இல்லை என்று இந்த மேடையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ப்ளூ நோட் 2019-இல் தொடங்கிய ‘டோன் பொயட்’ வரிசையில் மூல ஒலிநாடாவிலிருந்து கெவின் கிரே நேரடியாக வெட்டிய தட்டுகள், கீறல் விழுந்த பழைய பதிப்புகளைவிடப் பல இடங்களில் தெளிவாக ஒலிக்கின்றன. முதல் பதிப்பு ஆவணம். அதைப் பாதுகாப்பது நூலகங்களின் வேலையும்கூட. கேட்பவருக்கு வேண்டியது நல்ல தட்டு, நல்ல ஊசி, தூசியில்லாத பள்ளம்.

ஜப்பானியர்கள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வெளிநாட்டு எல்.பி. அங்கே சாமானியர் வாங்கும் விலையில் இல்லை. ஜாஸ் கிஸ்ஸா எனப்படும் காபிக் கடைகளில் முதலாளி தட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பார். ஒரு காபி வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கலாம். பல கடைகளில் பேசக்கூடாது. யொகொஹாமாவின் ‘சிகுசா’ 1933-இலேயே தொடங்கியது. ஒருவர் சேர்த்ததை ஊரே கேட்டது.

நிறைவாக, நம் ஊர் மண் ஒட்டிய ஒரு தட்டு. கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்த ராமசாமி என்பவர் ரிஷிகேசத்து சிவானந்தரிடம் துறவு பெற்று சச்சிதானந்தர் ஆனார். இலங்கையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு 1966-இல் நியூயார்க் போனார். 1969-இல் உட்ஸ்டாக் விழாவைத் தொடங்கி வைத்தவர் அவர்தான். ஜான் கோல்ட்ரேன் 1967-இல் மறைந்தபின் துயரத்தில் இருந்த அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் சச்சிதானந்தரிடம் வந்து சேர்ந்தார். ஹார்ப்பும் பியானோவும் வாசித்த ஆலிஸ் 1971-இல் வெளியிட்ட எல்.பி. ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’.

பெரும்பகுதி 1970 நவம்பரில், டிக்ஸ் ஹில்ஸில் இருந்த அவர் வீட்டுக் கூடத்திலேயே பதிவானது. முதல் ஒலியே தம்புரா. அதன்மேல் செசில் மெக்பீயின் பாஸ் ஒரு சிறு சங்கதியைப் பிடித்துக்கொண்டு விடாமல் திரும்பத் திரும்ப நடக்கும். பிறகு ஹார்ப் அலையாக இறங்கும். ஃபேரோ சாண்டர்ஸ் சோப்ரானோ சாக்ஸஃபோனை எடுக்கும்போது, ‘அசென்ஷ’னில் அலறிய அதே மனிதரா இவர் என்று வியக்க வேண்டியிருக்கும். தம்புரா இருக்கிறதே என்று ராகம் தேட வேண்டாம். இந்திய இசை இசைக்க அவர்கள் முயலவில்லை. ஆதார சுருதி ஒன்று கீழே நிலைத்துவிட்டால் கார்டு வரிசை இல்லாமலே எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்த்தார்கள். ஆர்னெட் 1959-இல் கேட்ட கேள்விக்கு இது இன்னொரு விடை, மிகச் சாந்தமான விடை.

எஞ்சிய நேரத்தை இதன் இரண்டாம் பக்கத்துக்குக் கொடுக்கிறேன். மொத்தம் இருபத்தொரு நிமிடத்துக்குச் சற்று அதிகம், இரண்டே பாட்டுகள். முதலாவது ‘சம்திங் அபவுட் ஜான் கோல்ட்ரேன்’, அதில் ஆலிஸ் பியானோவில் இருப்பார். இரண்டாவது, ‘ஐசிஸ் அண்ட் ஒசைரிஸ்’, 1970 ஜூலை 4 அன்று நியூயார்க் வில்லேஜ் கேட் அரங்கில் நேரடியாகப் பதிவானது. அரபு நாட்டு ஊத் வாத்தியம் சேரும், பாஸில் சார்லி ஹேடன் வருவார், ‘ஃப்ரீ ஜாஸ்’ தட்டில் வலது ஸ்பீக்கரில் கேட்டோமே, அவர்தான். கூடத்தில் பதிவானதற்கும் மேடையில் பதிவானதற்கும் உள்ள காற்று வித்தியாசத்தைக் கவனியுங்கள். பிடிக்காவிட்டாலும் முழுக்கக் கேளுங்கள், பிறகு பேசலாம்.